பாவு யாருடையது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. நடுக்கூடத்தில் தறி. தறிக்குழியை வெட்டியவர் அவருடைய தாத்தா. அச்சும் நாடாவும் மிதியும் சொந்தம். மேலே தொங்கும் ஜக்கார்டுப் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டினாலும் அதுவும் இப்போது சொந்தம்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம் வைத்து, இரண்டும் பிரியாதபடி மூன்று நாடாவால் கோர்வை வாங்கும் கைப்பழக்கத்தை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. அந்த வீட்டில் அவருக்குச் சொந்தமில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். தறியில் நீளவாக்கில் ஏறியிருக்கும் நூல், பாவு.

பட்டு நூலையும் ஜரிகையையும் மாஸ்டர் வீவர் எடை போட்டுக் கொடுத்திருக்கிறார். புடவையை அறுத்துக் கொண்டுபோகும் நாளில் மறுபடியும் தராசு. எடை சரியாக இருந்தால் பேசிய கூலி கைக்கு வரும், ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு.

அதே வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாடத்திலேயே பொருளாதார அமைப்புகள் வந்துவிடுகின்றன. முதலாளித்துவத்தின் இயல்புகளாகத் தனியார் சொத்துரிமை, வாரிசுரிமை, தொழில் செய்யும் சுதந்திரம், லாப நோக்கம், போட்டி, விலை இயங்குமுறை, குறைவான அரசுத் தலையீடு ஆகியவற்றை வரிசையாகப் படிக்கிறாள். இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தன் அப்பாவைப் பார்த்தால் என்ன தெரியும்? உற்பத்திக் கருவி அவருடையது, தாத்தா வழியாக வந்த சொத்து. தொழில் செய்ய யாரும் தடை போடவில்லை. புத்தகத்தின்படி அவர் ஒரு சிறு முதலாளி. ஆனால் வாங்குவது கூலி. யார் அவர்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாத பாடம் முதலாளித்துவத்தைக் கற்பித்ததாகாது என்பது என் கட்சி. முதலாளித்துவத்தின் அடிப்படைகளை மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று உலகம் முழுக்க ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதன் வாதங்களைக் காஞ்சித் தறியடியில் உட்கார்ந்து கேட்டால் சில பலமாக நிற்கின்றன, சில நூல் அறுந்து விழுகின்றன.

தமிழ்நாட்டுப் பாடநூல் செய்வது வகைப்படுத்தல். முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம் என்று மூன்று பெட்டி. முதல் பெட்டிக்குத் தந்தை ஆடம் ஸ்மித், இரண்டாவதற்குக் கார்ல் மார்க்ஸ். ஒவ்வொன்றிலும் நன்மை, தீமை. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது, அதைக் கேலி செய்யவும் கூடாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படிப் படிக்கும் பிள்ளை, முதலாளித்துவம் என்பது ஒரு நாட்டின் நெற்றியில் ஒட்டும் சீட்டு என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் அது இருக்கிறது, சோவியத்தில் இது இருந்தது, நம்மிடம் இரண்டும் கலந்திருக்கிறது. தன் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று தோன்றவே வழியில்லை.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல முயற்சி நம் பக்கத்து ஊரை வைத்தே நடந்திருக்கிறது. என்சிஇஆர்டி 2007இல் கொண்டுவந்த ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் சந்தையில் ஒரு சட்டையைப் பின்தொடரும் பாடம் ஒன்று உண்டு. கர்நூல் பக்கத்துச் சிறு பருத்தி விவசாயியிடம் தொடங்கி, ஈரோட்டுத் துணிச் சந்தைக்கு வந்து, வியாபாரியிடம் நூல் வாங்கி நெய்து கொடுக்கும் நெசவாளரைப் பார்த்து, டெல்லிப் பக்கத்து ஏற்றுமதித் தொழிற்சாலை வழியாக அமெரிக்கக் கடை வரை அது போகிறது. நன்மை, தீமைப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான அந்தப் பாடம் பதினேழு வயதுப் பாடத்தைவிடக் கூர்மையானது. (கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் முதலில் வெளிவந்ததும் ஈரோட்டில்தான், 1931இல், பெரியாரின் குடி அரசு இதழில். முதலாளித்துவத்தைப் படிக்க அந்த ஊருக்கு ஏதோ ராசி.)

கல்லூரி மட்டத்தில் 1948இல் வெளிவந்த பால் சாமுவேல்சனின் பாடநூல்தான் நெடுங்காலம் வழிகாட்டி. தேவைக் கோடு, அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டும் புள்ளி என்று கற்றுத்தரும் முறை அதன் வழியாகத்தான் பரவியது. வெட்டும் புள்ளியில் மனிதர்கள் தென்படுவதில்லை என்ற குறை 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வெடித்தது. 2011 நவம்பரில் ஹார்வர்டு மாணவர்கள் சிலர் கிரிகரி மான்கியூவின் தொடக்கநிலைப் பொருளியல் வகுப்பிலிருந்து எழுந்து வெளியேறினார்கள். மறுஆண்டு மான்செஸ்டரில் மாணவர்கள் பாடத்திட்டத்தை மாற்றக் கோரி ஒரு சங்கமே அமைத்தார்கள். இந்த அலையில் உருவான கோர் என்ற இலவசப் பாடநூல் முதல் அலகிலேயே முதலாளித்துவத்தை வரையறுத்துவிடுகிறது. தனிச்சொத்து, சந்தை, நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது முதலாளித்துவம். நம் புத்தகத்தின் நீண்ட பட்டியலில் இல்லாத சொல் இதில் இருக்கிறது. நிறுவனம். அதாவது, ஒருவர் முதல் போட்டு, மற்றவர்களைக் கூலிக்கு வைத்து, விளைபொருளைத் தனதாக்கி விற்கும் ஏற்பாடு. தறியடிக் கேள்விக்குக் கிட்டே வந்துவிட்டோம்.

இங்கிலாந்து எதிர்த்திசையில் ஒரு அடி வைத்தது. முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புகளின் பாடப்பொருள்களைப் பள்ளிகள் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் அதன் கல்வித்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு பொருளாதார அமைப்பைப் பற்றிய பாடம் இவ்வளவு பதற்றத்தைக் கிளப்புமானால், அதை வெறும் வரையறையாக நினைத்து மனப்பாடம் செய்வது வீண்.

தமிழாசிரியருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சொற்கள். முதலாளி என்ற சொல்லைப் பிரித்தால் முதலை ஆள்பவர். முதல் என்றால் போட்ட பணம், தொடக்கம், மரத்தின் அடி, எல்லாம்தான். ‘முதலுக்கே மோசம்’ என்று மளிகைக்கடையில் சொல்லும்போது மூலதனக் கோட்பாட்டில் பாதி வந்துவிடுகிறது. திருக்குறளிலேயே முதலும் ஊதியமும் சேர்ந்து வருகின்றன. அங்கே ஊதியம் என்பது லாபம். இன்று அரசாணையில் ஊதியம் என்றால் சம்பளம். முதல் போட்டவருக்குக் கிடைப்பதைக் குறித்த சொல் உழைத்தவருக்குக் கிடைப்பதைக் குறிப்பதாக இடம் மாறிவிட்டது! லாபத்துக்கு வடமொழியிலிருந்து வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இடமாற்றத்தை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். நெசவாளர் மட்டும் இதில் மாட்டிக்கொள்ளவில்லை. அவர் வாங்குவது அன்றும் கூலி, இன்றும் கூலி.

அன்று என்றால் என்று? பணமும் வட்டியும் வணிகமும் இருந்தால் அது முதலாளித்துவம் என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. அதை உடைக்கக் காஞ்சிபுரத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியின் ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது. கோயிலின் பொன்னை வட்டிக்கு ஏற்ற சேரிகள், கோயில் வரவுசெலவை மேற்பார்க்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்ட பட்டசாலிகள் என்ற நெசவாளர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர், தறிக்கு விதித்த வரிக்குத் தறியிறை என்று பெயர். ஆக, முதல் இருந்தது, வட்டி இருந்தது, வரி இருந்தது, கடல் கடந்த துணி வணிகம் இருந்தது, நெசவாளர் கையில் கோயில் கணக்கும் இருந்தது. ஆனாலும் உழைப்பை வாங்கி விற்று அதிலிருந்து முதலைப் பெருக்கி மறுபடியும் அதிலேயே போடும் சக்கரம் சமூகம் முழுவதையும் சுழற்றவில்லை. வட்டி கிழவி, முதலாளித்துவம் அவளுடைய பேத்தி என்று சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்கு மறக்காது.

18ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் எழுதிய நூல் இங்கே முக்கியம். அன்றைய தென்னிந்திய நெசவாளருக்கு வணிகர் முன்பணம் கொடுப்பார். பிடிக்கவில்லை என்றால் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம். வணிகருக்கு அப்படி முறிக்கும் உரிமை கிடையாது. தறி நகரக்கூடியது, நெசவாளர் ஊர்விட்டு ஊர் போய்விடுவார் என்ற பயம்தான் அந்த உரிமையின் காவல். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சியதிகாரத்தைக் கொண்டு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது என்கிறார் அவர். காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீர் 1763இல் கம்பெனி கைக்குப் போனதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முன்பணம் என்ற அதே பணம் ஒரு காலத்தில் வணிகரைக் கட்டியது, பிறகு நெசவாளரைக் கட்டியது. சந்தையில் பேரம் பேசும் பலம் சந்தைக்கு வெளியே முடிவாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்குமா?

இனி ஸ்மித். 1776இல் அவர் எழுதிய குண்டூசித் தொழிற்சாலை எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஊசி செய்வதில் 18 வேலைகள், பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசி. வேலைப் பிரிவினையைக் கற்பிக்க இங்கே குண்டூசி வேண்டியதில்லை. கர்நாடகத்தில் ராமநகரம் சந்தைக்கு வரும் பட்டுக்கூடு, முறுக்கு ஏற்றிய நூல், காஞ்சியில் சாயம் போடுபவர், பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும் ஜரிகை, பாவு ஓட்டுபவர், தார் சுற்றும் வீட்டுப் பெண், டிசைன் அட்டை அடிப்பவர், நெசவாளர், காந்தி ரோட்டுக் கடை, வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்துவந்து கமிஷன் வாங்கும் ஆட்டோக்காரர். பதினெட்டுக்குக் குறையாது.

ஆனால் ஸ்மித்தின் பத்துப் பேரும் ஒரே கூரைக்குக் கீழே. நம் ஆட்கள் தெருத்தெருவாகச் சிதறி இருக்கிறார்கள். ஏன்? மாஸ்டர் வீவரிடம் பணம் இருக்கிறது. நூறு தறியை ஒரே கொட்டகையில் போட்டால் என்ன?

பொருளியலில் இதற்கு ரொனால்டு கோஸ் 1937இல் ஒரு வழி காட்டினார். சந்தையில் வாங்குவதற்கு ஆகும் அலைச்சலும் செலவும், தானே ஆள் வைத்துச் செய்வதற்கு ஆகும் செலவைவிட அதிகமானால்தான் நிறுவனம் பிறக்கிறது என்பது அவர் கணக்கு. காஞ்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தறியை வீட்டில் வைத்தால் கொட்டகை வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, மேஸ்திரி இல்லை. தார் சுற்றும் மனைவிக்கும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எறியும் துணைக்கும் தனிக்கூலி பேச வேண்டாம், எல்லாம் ஒரே கூலிக்குள் அடக்கம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி ஒரு மாதம் வேலை நின்றால் நட்டம் வீட்டுக்காரருக்கு. முகூர்த்தம் குறைந்து புடவை ஓடவில்லையென்றால் புதுப் பாவு கொடுக்காமல் இருந்தால் போதும், யாரையும் வேலையைவிட்டு நீக்க வேண்டியதில்லை. முதலாளிக்கு இருக்கும் ஒரே பயம் நூல் களவு. அதற்குத்தான் தராசு. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தில் பிரகாஷ்ராஜ் மகளின் கல்யாணப் புடவைக்காகப் பட்டிழையை வாயில் அடக்கிக்கொண்டு வெளியேறுகிறாரே, அந்தக் காட்சியை நிறுவனக் கோட்பாட்டு வகுப்பில் போட்டுக் காட்டலாம். தேசிய விருது வாங்கிய படம், பிள்ளைகளுக்கும் அலுக்காது.

நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் இந்த முறை ஐரோப்பாவில் தொழிற்சாலைக்கு முந்தைய படி என்று வரலாற்றாசிரியர்கள் நெடுநாள் கருதினார்கள். பிராங்க்ளின் மெண்டல்ஸ் 1972இல் அதற்குத் தொழில்மயத்தின் முன்நிலை என்று பெயரே வைத்தார். படி என்றால் ஏறிக் கடந்துபோக வேண்டும். காஞ்சிபுரத்தில் யாரும் ஏறவில்லை, படியிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். மார்க்ஸிடம் இதற்கு ஒரு கருவி இருக்கிறது. வேலை செய்யும் முறையை மாற்றாமலேயே உழைப்பை மூலதனம் தன் கீழ்க் கொண்டுவருவது ஒன்று, முறையையே புரட்டிப்போடுவது இன்னொன்று. முதல் வகை ஒரு இடைக்கட்டம் என்று அவரைப் படித்தவர்கள் நினைத்தார்கள். குழித்தறி, அதே கோர்வை, அதே மிதி. மாறியது பாவின் உடைமை மட்டும். கூடத்தில் இருக்கும் அப்பாவைப் பற்றி மகள் கேட்ட கேள்விக்கு மார்க்ஸின் இந்த வேறுபாடுதான் நேரான பதில். கருவி யாருடையது என்று பார்த்தால் அவர் உடைமையாளர். பாவு யாருடையது என்று பார்த்தால் கூலியாள். எது தீர்மானிக்கிறது என்றால், எது விற்கப்படுகிறதோ அதன் உடைமை.

முதலாளியையும் வில்லனாக்கி முடித்துவிடக் கூடாது. கரும்பலகையில் ஒரு கணக்கு. எண்கள் வகுப்புக்காக வைத்துக்கொண்டவை. நூலும் ஜரிகையும் 8,000 ரூபாய், கூலி 5,000 ரூபாய், ஆக முதல் 13,000. புடவை ஆறு மாதம் அலமாரியில் படுத்திருக்கிறது. நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 260, ஆறு மாதத்துக்கு 1,560. புடவையைத் தறியில் இரண்டு பேர் பதினைந்து நாள் நெய்தார்கள் என்றால், இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 333. அலமாரியில் சும்மா கிடந்த ஆறு மாதம் தின்ற பணம், இரண்டு பேர் கிட்டத்தட்ட ஐந்து நாள் குனிந்து நெய்த கூலிக்குச் சமம். இந்த வட்டியை மாஸ்டர் வீவர் வெளியில் கொடுக்கிறார் என்றால் அது அவர் செலவு. சொந்தப் பணம் என்றால் அவர் வருமானம். புடவை விற்கவே இல்லை என்றால் 13,000மும் போச்சு. லாபம் ஆபத்தை ஏற்றதற்கான கூலியா, பிறர் உழைப்பிலிருந்து எடுத்ததா என்று இரண்டு நூற்றாண்டாக நடக்கும் சண்டையின் இரு தரப்பும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. மாணவர் இரண்டையும் போட்டுப் பார்க்கட்டும். நான் ஒன்றை மட்டும் சேர்ப்பேன். தறிக்குழியில் ஊறும் தண்ணீரும் ஆபத்துதான், அதற்கு லாபம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

விலையைப் பற்றிப் பொருளியலாளர் ஹாயெக் 1945இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. உலகின் எங்கோ தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், காரணம் தெரியாமலேயே எல்லோரும் சிக்கனமாகிவிடுவார்கள், விலையே செய்தி சொல்லிவிடும் என்பது அதன் சாரம். தகரத்துக்குப் பதில் வெள்ளியை வைத்துக்கொள்ளலாம். ஜரிகைக்கு வெள்ளி வேண்டும், மேல் பூச்சுக்குத் தங்கம். உலகச் சந்தையில் வெள்ளி ஏறினால் காஞ்சியில் கரை சிறுக்கிறது, புட்டா குறைகிறது, அரை ஜரிகைப் புடவை பெருகுகிறது. யாரும் உத்தரவு போடவில்லை, எல்லோரும் மாறிவிட்டார்கள். ஹாயெக் சொன்னது சரி. ஆனால் அந்தச் செய்தி எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வெள்ளி ஏறியதும் புடவை விலை ஏறும், அதே வேகத்தில் கூலி ஏறாது. புடவை விலையைக் கடை சொல்கிறது, கூலியை மாஸ்டர் வீவர் சொல்கிறார், நெசவாளர் சொல்லும் விலை என்று ஒன்று இந்தச் சங்கிலியில் இல்லை. 2019-20இல் எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்று அதில் தெரிந்தது.

பட்டும் ஜரிகையும் அசலா போலியா என்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவருக்குத் தெரியும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்துச் சொன்ன கதை இதுதான். தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும். அதைத் தடுக்க 2004இல் பட்டு முத்திரை வந்தது, 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. சந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இந்த முத்திரைகளுக்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அரசு இந்தத் தறியை விட்டு ஒதுங்கி நின்ற காலமே இல்லை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 22ஆக இருந்த இனங்கள் பிறகு 11ஆகச் சுருங்கின. கைத்தறி நெசவாளருக்கு இலவச மின்சாரம், பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை, தள்ளுபடி மானியம், 2017 ஜூலைக்குப் பிறகு பட்டின் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. கார்ல் பொலானி 1944இல் சொன்னார், சுதந்திரச் சந்தை தானாக முளைத்ததல்ல, அரசு நட்டது, சமூகம் அதற்கு வேலி போட்டது என்று. ‘குறைவான அரசுத் தலையீடு’ என்ற இயல்பைப் படிக்கும் மாணவர் காஞ்சியில் ஒரு தெருவைக்கூட அந்த இயல்போடு பொருத்த முடியாது.

கூட்டுறவு சங்கத்துக்கு வருவோம். காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்று சாமி பெயரும் தலைவர் பெயரும் தாங்கிய பட்டுச் சங்கங்கள் காஞ்சியில் நிறைய. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் மாநில அளவில் விற்றுத்தருகிறது. இங்கே பாவு சங்கத்துடையது. சங்கம் உறுப்பினர்களுடையது. உறுப்பினர் நெசவாளர். வட்டம் மூடிவிட்டது, மூன்று பெட்டிகளில் இரண்டாவது பெட்டி என்று எழுதிவிடலாமா? இவோன் ஆர்டர்பர்ன் 1982இல் காஞ்சிபுரப் பட்டுச் சங்கங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தலைப்பிலேயே பரஸ்பரச் சார்பு என்று வைத்தார். சங்கம் இருப்பதால் மாஸ்டர் வீவர் கொடுக்கும் கூலிக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. சங்கத்தில் பாவு கிடைக்காத மாதத்தில் அதே நெசவாளர் தனியாரிடம் போகிறார். சங்கம் விற்பதும் அதே சந்தையில்தான், விற்காத சரக்கு அங்கும் தேங்குகிறது, வட்டி அங்கும் ஓடுகிறது. உடைமை மாறினாலும் சந்தை மாறவில்லை. தனிச்சொத்தையும் சந்தையையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிய மாணவருக்கு இரண்டும் வேறு என்று காட்ட சங்கக் கட்டடம் ஒன்று போதும்.

இந்த ஊரில் பொருளியலைத் தெருவில் நின்று கற்பித்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1909இல் இங்கே செங்குந்தர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் படித்து முதுகலைப் பட்டம் பெற்றவர். ‘பணத்தோட்டம்’ என்று அவர் எழுதியது வடநாட்டு வணிக மூலதனம் தெற்கில் எப்படிப் பாய்கிறது என்பதைப் பற்றியது. 1950களின் தொடக்கத்தில் கைத்தறி நெருக்கடியில் அவரும் கட்சித் தோழர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூவி விற்றார்கள். தேவை குறைந்தால் கூலி எப்படிச் சாகும் என்பதைக் கூட்டத்துக்குப் புரியவைக்க அதைவிட நல்ல செய்முறை வகுப்பு அன்று நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் முதலாளி எப்போதும் வடக்கிலிருந்து வருபவர். உள்ளூர் மாஸ்டர் வீவர், பெரும்பாலும் நெசவாளரின் அதே சாதி, சில சமயம் உறவினர், அந்தச் சட்டகத்துக்குள் சரியாகப் பொருந்தவில்லை. இன்றும் நம் வகுப்பறையில் முதலாளித்துவத்தைத் தூரத்தில் வைத்தே பேசும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச விரும்பாத பகுதி ஒன்று உண்டு. கோர்வைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு துணை வேண்டும் என்றேன். நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது குழந்தை. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பிறகும் 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பிறகு நிலைமை பெரிதும் மாறியது. பள்ளியும் மதிய உணவும் சட்டமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து மாற்றின. ‘தொழில் செய்யும் சுதந்திரம்’ என்ற இயல்பைக் கற்பிக்கும்போது இந்த வரலாற்றைத் தாண்டிப்போக முடியாது. முதலாளித்துவத் தொழிலாளி இரண்டு வகையில் சுதந்திரமானவர் என்பது மார்க்ஸின் கசப்பான வேடிக்கை. யாருக்கும் அடிமையில்லை, கருவி எதுவும் சொந்தமுமில்லை. காஞ்சி நெசவாளர் இரண்டிலும் அரைகுறை. கருவி உண்டு, முன்பணக் கட்டும் உண்டு.

முழுச் சுதந்திரமான தொழிலாளியைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் வெளியிட்டது. நோக்கியா ஆலை 2006இல் வந்து, 2014 நவம்பரில் மூடியது. சாம்சங் ஊழியர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். தறியில் அப்பா விற்பது புடவை வேலையை. இங்கே மகன் விற்பது எட்டு மணி நேரத்தை. போன் விற்கவில்லை என்றாலும் அந்த மாதச் சம்பளம் வந்துவிடும், பிஎஃப் உண்டு, இஎஸ்ஐ உண்டு. கருவியில் ஒரு திருகாணிகூட அவனுடையதில்லை. ஆலை மூடிய நாளில் கையில் திறமை என்று எடுத்துக்கொண்டு போக எவ்வளவு இருந்தது என்று 2014இல் வெளியேறியவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒரே மாவட்டத்தில், ஒரே குடும்பத்தில், முதலாளித்துவத்தின் இரண்டு உருவங்கள் ஒரே தட்டில் சோறு சாப்பிடுகின்றன. மகனுடையது நல்ல வாழ்வா அப்பாவுடையதா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே அந்த விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

நடைமுறையில் ஒரு பொருளியல் ஆசிரியருக்கு இந்தப் பாடத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று பிரிவேளை. முதல் பிரிவேளையில் புத்தகத்தில் உள்ள இயல்புகளைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டியதுதான், பொதுத்தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டாவதில் ஒரு புடவையின் கணக்கு. பிள்ளைகளையே எண்களை வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, மாஸ்டர் வீவர் வீட்டுப் பிள்ளை, தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, கம்பெனி பஸ்ஸில் போகிறவரின் தங்கை எல்லோரும் ஒரே பெஞ்சில் இருக்கும் ஊர் இது. நான்கு கணக்கும் ஒத்துப்போகாது. எங்கே வித்தியாசம் வருகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டால் போதும், ஆனால் யார் வீட்டுக் கணக்கு எது என்று எழுதக் கூடாது. மூன்றாவது பிரிவேளை கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யாராவது இப்போது செய்யும் வேலையை நாளைக்கு விட்டுவிடுவதாக இருந்தால், முதலில் யாருக்கு எவ்வளவு பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்? பதிலை நோட்டில் எழுதினால் போதும், ஆசிரியரிடம் காட்ட வேண்டியதில்லை.